அந்த மேசையில் உங்களுக்கு நாற்காலி உண்டா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களுக்கு ஸ்பெயின் பையர்கள் அதிகம். அதனால் மூன்று வருஷமாக ஸ்பானிஷ் படித்து, போன வருஷம் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி1 நிலை தேறினேன். மெயில் படிப்பேன், எழுதுவேன். பேச மட்டும் வரவில்லை. நவம்பரில் பையர் வந்திருந்தபோது மதியச் சாப்பாட்டில் என்னைப் பார்த்து “கே தால் செ கோமே போர் அகீ?” என்றார். ஒன்றும் புரியாமல் “சீ, சீ” என்று தலையாட்டினேன். அவர் சிரித்துவிட்டு எங்கள் எம்.டி. பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். இப்போது மாட்ரிட்டில் ஒரு குடும்பம் என்னை ஓ-பேராக, அதாவது வீட்டோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவராக, வரச் சொல்கிறது. 4 வயது, 7 வயதில் இரண்டு பிள்ளைகள். தனி அறை, சாப்பாடு, வாரம் 80 யூரோ கைச்செலவுக்கு. செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதம். பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டுமாம். அம்மாவோ, “இஞ்சினியரிங் படிச்சுப்போட்டு ஊரான் புள்ளைக்குச் சோறூட்டப் போறியா?” என்கிறார். போகலாமா? போனால் பேச்சு வருமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்த ‘சீ, சீ’யை நினைத்து வெட்கப்படாதீர்கள். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மொட்டைமாடியில் நின்று உரக்கப் பயிற்சி செய்வேன். ஸ்பானிஷில் ‘ஆமாம்’ என்பதற்குச் ‘சீ’ என்பது பக்கத்து வீட்டு மாமிக்கு எப்படித் தெரியும்? “உங்க பொண்ணு மாடியில நின்னுண்டு யாரைச் சீ சீன்னு திட்டறா?” என்று என் அம்மாவிடம் கேட்டேவிட்டார்.

உங்கள் பையர் கேட்டது, “இந்தப் பக்கம் சாப்பாடெல்லாம் எப்படி?” என்பதுதான். ‘கோமே’ என்ற சொல்லை முதல் மாதமே படித்திருப்பீர்கள். அதற்கு முன்னால் நிற்கும் ‘செ’, யார் சாப்பிடுகிறார் என்று சொல்லாமல் பொதுப்படையாகப் பேசும்போது வருவது. அதுவும் பி1 பாடத்தில் உண்டு. தாளில் எழுதிக் காட்டியிருந்தால் அரை நொடியில் பதில் சொல்லியிருப்பீர்கள். காதில் விழுந்த வேகத்தில் பிடிபடவில்லை. பிடிபடாதபோது யோசிக்கக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும் சொற்களும் உங்கள் கையில் இல்லை. தமிழில் நாம் ‘வந்து…’, ‘அதாவது…’, ‘என்னன்னா…’ என்று இழுக்கிறோமே, அவர்களுக்கும் ‘புவேஸ்…’, ‘ஓ சேயா…’, ‘எஸ் கே…’, ‘ஆ பேர்…’ எல்லாம் இருக்கின்றன. இவற்றைப் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. ஆனால் இவை வாயில் வராதவரிடம் எதிரில் இருப்பவர் இரண்டு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

ஆக, இன்னொரு வகுப்பில் சேர்வதால் இது தீராது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மணிநேரங்கள் கூட வேண்டும். ஓ-பேர் வேலையில் அது கிடைக்கும் வீடும் உண்டு, கிடைக்காத வீடும் உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்த மாட்ரிட் வீடு கிடைக்காத ரகம்.

‘பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டுமே’ என்ற வரியை இன்னொரு தரம் படியுங்கள். ஸ்பெயினில் ஓ-பேர் வைத்துக்கொள்ளும் குடும்பங்களில் பெரும்பாலானவை, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்றுதான் வைத்துக்கொள்கின்றன. அவர்கள் மேல் தப்பில்லை. டியூஷனுக்குக் கொட்டிக்கொடுப்பதற்குப் பதில் வீட்டோடு ஓர் ஆள். ஆனால் நீங்களும் மொழி வாங்கப் போகிறீர்கள், அவர்களும் மொழி வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் வாங்க வந்தால் விற்பது யார்? நாளில் நீங்கள் வாய் திறக்கிற நேரத்தில் முக்கால்வாசி பிள்ளைகளோடு போகும். அது முழுக்க ஆங்கிலம். பெற்றோர் வேலை முடிந்து ராத்திரி வருவார்கள். அவர்களும் தங்கள் ஆங்கிலத்தை உங்களிடம் கொஞ்சம் பட்டை தீட்டப் பார்ப்பார்கள். ஒன்பது மாதம் கழித்து அந்த நாலு வயதுக் குழந்தை திருப்பூர் ஆங்கிலம் சரளமாகப் பேசும். நீங்கள் அதே ‘சீ, சீ’யோடு ஊர் திரும்புவீர்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். 2004-இல், என் 25 வயதில், நானும் ஓ-பேராகப் போனேன். முதல் வீடு மாட்ரிட் புறநகரில். மூன்று பிள்ளைகள். ஆங்கிலம் மட்டும் என்றார்கள், எனக்கும் அப்போது விவரம் போதாது, சரி என்று போய்விட்டேன். முதல் வாரம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் வேலை. இரண்டாம் வாரம் அவர்கள் துணிகளும் சேர்ந்தன. மூன்றாம் வாரம் வீட்டில் எல்லோர் துணியும். இஸ்திரி போட்டுக்கொண்டே ரேடியோ கேட்பேன். அந்த வீட்டில் என்னிடம் ஸ்பானிஷ் பேசிய ஒரே ஜீவன் அந்த ரேடியோதான். எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு எனக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒன்பதரைக்குப் பெரியவர்கள் உட்காருவார்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டை எடுக்காமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். சிரிப்புச் சத்தம் என் அறை வரை வரும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழு வாரம் தாக்குப்பிடித்தேன்.

சாப்பிட்டு முடித்தும் மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு ஸ்பானிஷில் தனிச் சொல்லே இருக்கிறது, ‘சோப்ரேமேசா’ என்று. நம் ஊர்த் திண்ணைப் பேச்சு அங்கே சாப்பாட்டு மேசையில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வம்பு, அரசியல், மாமியார் புலம்பல், கால்பந்து எல்லாம் அங்கேதான். பேச்சு ஸ்பானிஷ் அங்கேதான் விளைகிறது. என் மாணவிகளில் யார் ஓ-பேராகப் போவதாகச் சொன்னாலும் காசைப் பற்றிக் கேட்பதற்கு முன் நான் கேட்பது இதைத்தான்: ராத்திரிச் சாப்பாட்டில் அந்த மேசையில் உனக்கு நாற்காலி உண்டா?

இரண்டாவது வீடு வய்யாதோலித் நகரில். அங்கேயும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் உண்டு. மற்ற நேரமெல்லாம் ஸ்பானிஷ். காரணம், அந்த வீட்டுப் பாட்டி. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து சமைப்பார். எனக்குப் புரிகிறதா இல்லையா என்று அவர் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பூண்டு உரித்தபடியே நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் எண்ணெய் பாட்டில் என் கையிலிருந்து நழுவி உடைந்துவிட்டது. ஆலிவ் எண்ணெய், தரை முழுக்க. பதறிப்போய், படித்த இலக்கணத்தையெல்லாம் திரட்டி, “ஏ ரோதோ லா போதேயா” என்றேன். ‘நான் பாட்டிலை உடைத்துவிட்டேன்.’ இலக்கணத்தில் ஒரு பிழையும் கிடையாது. பாட்டி கரண்டியை ஆட்டியபடி, “நோ, ஈஹா, நோ. செ தே ஆ காயீதோ” என்றார். ‘உடைச்சேன்னு ஏன் சொல்றே மகளே, அது உனக்குக் கை தவறி விழுந்துடுச்சு.’ அப்புறம் பழைய துணியை எடுத்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்து துடைத்தோம். துடைத்துக்கொண்டே ‘எனக்குத் தீஞ்சுபோச்சு’, ‘எனக்கு மறந்துபோச்சு’, ‘எனக்குத் தொலைஞ்சுபோச்சு’ என்று அதே அச்சில் ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். சென்னையில் இரண்டு முறை படித்தும் மண்டையில் ஏறாத பாடம் அது. எண்ணெய்ப் பிசுக்கு போவதற்குள் ஏறிவிட்டது. இன்றைக்கும் வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் எனக்கு ஆலிவ் எண்ணெய் வாசம் அடிக்கும்.

பிள்ளைகளோடு ஸ்பானிஷில் பேசக் கிடைத்தால் அதுவும் நல்ல பள்ளிக்கூடம்தான். ஸ்பானிஷில் ‘ஓடு’ என்பது ‘கோர்ரே’. ‘ஓடாதே’ என்பது ‘நோ கோர்ராஸ்’. எதிர்மறைக்கு வினையின் வடிவமே மாறுகிறது. உங்களை வகுப்பில் படாதபாடு படுத்திய ‘சுப்ஹுந்தீவோ’ என்ற வினைவடிவம் இதுவேதான். நாலு வயதுப் பையன் சாலையைப் பார்த்து ஓடும்போது விகுதியை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. வாய் தானாகச் சொல்லும். ‘தொடாதே’, ‘கோட்டைப் போட்டுக்கோ’, ‘நீ கை கழுவினாத்தான் சாப்பாடு’ என்று நாளுக்கு நூறு தரம். ஆனால் வயசு பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தை உங்களுக்கு மொழி சொல்லித்தராது. பதின்மூன்று வயதுக்காரன் போனில் இருப்பான். நாலு வயது ‘போர் கே?’, அதாவது ‘ஏன்?’, என்று கேட்டே உயிரை எடுக்கும். ஏழு வயது நீங்கள் செய்யும் ஒவ்வொரு பிழையையும் சொல்லிக்காட்டிச் சிரிக்கும். அந்த வகையில் மாட்ரிட் குடும்பத்துப் பிள்ளைகளின் வயசு அருமையான வயசு. அதை ஆங்கிலத்தில் வீணாக்கச் சொல்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழியில் சில சௌகரியங்கள் உண்டு. ஆங்கிலம் வழியாகவே ஸ்பானிஷ் படிப்பதால் பலர் கவனிப்பதில்லை. ‘மே குஸ்தா’ என்பதை ஆங்கிலத்தில் நினைத்தால் தலைகீழாகத் தெரியும்; தமிழில் நினைத்தால் ‘எனக்குப் பிடிக்கும்’, அப்படியே நேர். ‘நான்’, ‘நீ’ போடாமல் வினையிலேயே ஆளைக் காட்டுவது நமக்குப் பிறவிப் பழக்கம். உச்சரிப்பும் அப்படித்தான். ‘அமீகோ’ என்பதில் வரும் கோவை, ‘மகன்’ என்பதில் க எவ்வளவு மெத்தென்று வருகிறதோ அப்படிச் சொல்லிப் பாருங்கள். ‘தோதோ’ என்பதில் இரண்டாவது தோவை ‘இது’ என்பதில் வரும் து மாதிரி. ஆங்கிலேயர்கள் இதற்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். ‘பேரோ’ என்றால் ஆனால், ‘பேர்ரோ’ என்றால் நாய். அந்த அழுத்தமான ர்ர மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். நாகர்கோவில் பக்கம் ற-வைத் தனியாக உருட்டிச் சொல்லும் தோழி யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுப் பழகுங்கள். இனி மனதுக்குள் தமிழிலிருந்து ஸ்பானிஷுக்குப் போங்கள். நடுவில் ஆங்கிலத்தில் இறங்கி வண்டி மாற வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல வீடே கிடைத்தாலும் நீங்கள் கற்றுவருவது வீட்டு ஸ்பானிஷ். மூக்கு ஒழுகுவதற்கும் ஷூ நாடாவுக்கும் பருப்பு தீய்ந்ததற்கும் சொல் கிடைக்கும். உங்கள் மேசையில் தேவைப்படுவது வேறு. சாம்பிளுக்கு ‘முவெஸ்த்ரா’, டெலிவரி கெடுவுக்கு ‘ப்லாத்தோ தெ எந்த்ரேகா’, தையலுக்கு ‘கொஸ்தூரா’, பின்னலாடைக்கு ‘ஹேனெரோ தெ புந்தோ’. இவற்றை எந்தப் பாட்டியும் சொல்லித்தர மாட்டார், நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கம்பெனியில் தைக்கும் கேர் லேபிளையே எடுத்துப் பாருங்கள். ‘லாவார் ஆ மானோ’, ‘நோ உசார் லெஹீயா’ என்று இருக்கும். கையால் துவைக்கவும், ப்ளீச் வேண்டாம். முதலாவது வெறும் வினை, இரண்டாவது அதற்கு முன்னால் ஒரு ‘நோ’. லேபிள் மொழியில் வேலை அவ்வளவு சுலபம். அப்புறம் ஓர் எச்சரிக்கை: பஸ் பிடிப்பது, பொருளை எடுப்பது எல்லாவற்றுக்கும் ஸ்பெயினில் ‘கோஹேர்’ என்பார்கள். நாளைக்கு உங்களுக்கு மெக்சிகோ பையர் வந்தால் அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். அங்கே அது வாயில் சொல்லக்கூடாத அர்த்தம்.

அம்மா கேட்டதற்கு வருவோம். ‘ஓ பேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சரிசமமாக என்றுதான் பொருள். வீட்டு ஆட்களில் ஒருவராக வைத்து நடத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதற்கென்று ஐரோப்பிய மன்றம் 1969-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஸ்பெயின் 1988-இல் அதை ஏற்றுக்கொண்டது. 17 வயதிலிருந்து 30 வயது வரை. வீட்டு வேலையில் கைகொடுப்பது பொதுவாக நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வாரம் ஒரு நாள் முழு விடுமுறை, மாதம் ஒரு ஞாயிறாவது அதில் வர வேண்டும். மொழி வகுப்புக்குப் போக நேரம் விட வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதிக்கொள்வது நல்லது என்கிறது அந்த ஒப்பந்தம். இதை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். ஆனால் அம்மா சொல்வது முழுக்கத் தப்பு என்றும் நினைக்காதீர்கள். என் முதல் வீட்டில் நான் இருந்தது அம்மா பயப்படுகிற மாதிரிதான். எழுதி வாங்காமல் போனதன் பலன்.

காசு விஷயத்தில் கனவு வேண்டாம். வாரம் 80 யூரோ என்பது சம்பளம் கிடையாது, கைச்செலவு. வகுப்புக் கட்டணம் பெரும்பாலும் அதைவிட அதிகமாக இருக்கும். விமானம், காப்பீடு, ஆவணச் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். இந்த ஒன்பது மாதத்தில் சேமிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கம்பெனியில் வேலையை விடுவதற்கு முன் சம்பளமில்லாத லீவு கேட்டுப் பாருங்கள். ஸ்பெயின் ஆர்டர்களை நம்பி ஓடும் கம்பெனிக்கு ஸ்பானிஷ் பேசும் மெர்ச்சண்டைசர் லாபம்தான்.

விசாவைப் பொறுத்தவரை நீங்கள் போக வேண்டியது படிப்பு விசாவில். அதற்கு மொழிப் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும். வாரம் 20 மணி நேர வகுப்பு என்பது வழக்கமான கணக்கு. ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பள்ளியாகப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் பாஸ்போர்ட் ஆபீஸ் தரும் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், ஸ்பெயினில் செல்லும் மருத்துவக் காப்பீடு, மாதத்துக்கு 600 யூரோ என்ற கணக்கில் செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். நம் ஊர்ச் சான்றிதழ்களுக்கு, அவற்றை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரையும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும். இந்த ஓட்டத்துக்கே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், ஆகையால் செப்டம்பர் என்றால் மே மாதமே ஆரம்பியுங்கள். போய் இறங்கியதும் ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு, இங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று எந்தக் குடும்பமாவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விசா ஏஜென்டுக்கு முன்பணம் அனுப்பச் சொன்னாலும், வீடியோவில் முகம் காட்டத் தயங்கினாலும் அப்படியே. பிள்ளைகள், சமையலறை, உங்களுக்குத் தரப்போகும் அறை, மூன்றையும் வீடியோவில் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு முன் அங்கே ஓ-பேராக இருந்தவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்; நல்ல குடும்பம் தயங்காமல் நம்பர் தரும்.

ஊரும் முக்கியம். எல்லோருக்கும் பார்சிலோனா ஆசை இருக்கும். அங்கே பள்ளியில் கத்தலான், பல வீடுகளில் கத்தலான். அழகான மொழி, ஆனால் நீங்கள் தேடிப் போவது அதுவல்ல. அந்தலூசியாவில் மனிதர்கள் தங்கம், ஆனால் வார்த்தையின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள், ‘ஆதியோஸ்’ அங்கே ‘ஆதியோ’. பி1 காதுக்கு முதல் ஒன்பது மாதம் அது கஷ்டம். வய்யாதோலித், சலமாங்கா, புர்கோஸ் மாதிரி நடுத்தர ஊர்களாகப் பாருங்கள். அங்கே கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாற மாட்டார். நவம்பரிலிருந்து குளிர் எலும்பைத் துளைக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்ரிட் குடும்பத்தை உடனே தள்ளிவிடச் சொல்லவில்லை. ஒரு கடிதம் எழுதுங்கள், ஸ்பானிஷிலேயே, இப்படி: சாயங்காலம் பிள்ளைகளுக்கு மெரியெந்தா, அதாவது அந்திப் பலகாரம், கொடுக்கும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஆங்கிலம் பேசி விளையாடுகிறேன், மற்ற நேரம் எல்லோரும் என்னோடு ஸ்பானிஷில் பேச வேண்டும். ராத்திரிச் சாப்பாடு உங்களோடு. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை நேரம் என் வகுப்புக்கு. இந்த மூன்றும் ஒப்பந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். ஒத்துக்கொண்டால் போங்கள். ‘அதெல்லாம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் அது மறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வீடு தேடும்போது, தாத்தா பாட்டி அடிக்கடி வந்துபோகும் வீடா என்று விசாரியுங்கள். பாட்டிகளுக்கு உங்கள் ஆங்கிலத்தில் அக்கறை கிடையாது. ஒன்றைச் சொல்ல எனக்கே கசப்பாக இருக்கிறது: சில குடும்பங்கள் நம் ஆங்கிலம் ‘சொந்த’ ஆங்கிலம் இல்லை என்று ஒதுக்கும். அதில் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆங்கிலத்தில் அவ்வளவு குறியாக இருக்கும் வீடு உங்களுக்கு உதவாது.

சரியான வீடே அமையவில்லை என்றால், அடுத்த ஆண்டு கோடையில் சேமிப்பிலிருந்து பன்னிரண்டு வாரம் சலமாங்காவில் மொழிப் பள்ளி. பள்ளிகளே தனியாக வாழும் அம்மாக்கள் வீட்டில் காசுக்குத் தங்க ஏற்பாடு செய்து தரும். சாப்பாடு போடுவார்கள், பேசுவார்கள், யாருக்கும் நீங்கள் சோறூட்ட வேண்டியதில்லை. செலவு அதிகம், நாள் குறைவு. ஆனாலும் ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டில் ஒன்பது மாதம் இருப்பதைவிட எனக்கு அது மேல். எங்கே போனாலும் ‘இந்தெர்காம்பியோ’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் உங்கள் ஆங்கிலம், ஒரு மணி நேரம் அவர்கள் ஸ்பானிஷ் என்று காபிக் கடையில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. உங்கள் ஆங்கிலத்தை விற்க அது நியாயமான சந்தை.

முதல் ஆறு வாரம் சாயங்காலமானால் தலை வலிக்கும். ஒரு வார்த்தையும் வராது, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று இருக்கும். என் மாணவிகள் எல்லோருக்கும் அப்படித்தான். மூன்றாவது மாதம் வாக்கில் ஒரு நாள், மேசையில் யாரோ சொன்ன ஜோக்குக்கு மற்றவர்களோடு சேர்ந்து, யாரும் விளக்காமலே, சிரித்திருப்பீர்கள். திரும்பி வந்து டெலே பி2 எழுதினால் வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கேட்பதும் பேசுவதும் ஒரு பிரிவு. இரண்டிலும் தனித்தனியாக 50-க்கு 30 எடுக்க வேண்டும். ஒன்றில் எடுத்து இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தெரிவதையெல்லாம் ஸ்பானிஷில் முணுமுணுத்துக்கொண்டே போங்கள். ‘புவேஸ்’, ‘எஸ் கே’ எல்லாவற்றையும் வேண்டுமென்றே நடுநடுவே செருகுங்கள். ஸ்பெயினின் அரசு வானொலி இணையத்தில் இலவசம். தினம் கால் மணி நேரம், புரிந்தாலும் புரியாவிட்டாலும்.

மாட்ரிட் வீட்டிலிருந்து பதில் வந்ததும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இந்த முறை கடிதம் வேண்டாம், போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள். மூன்று நிமிஷம், ஸ்பானிஷில், தாளைப் பார்க்காமல். நவம்பரில் அந்த மனிதர் கேட்டாரே, இந்தப் பக்கம் சாப்பாடெல்லாம் எப்படி என்று, அதற்குப் பதில் சொல்லி ஆரம்பியுங்கள். திருப்பூர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு மூன்று நிமிஷம் போதாது.

அன்புடன்,
உங்கள் ஸ்பானிஷ் அக்கா